எம்ஜிஏ போன்ற பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சினைத் தூக்காமல் கியர்பாக்ஸை மட்டும் இறக்க, சேசிஸை (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை) வெட்டி மாற்றலாமா?

மாற்றலாம். என்னுடைய எம்ஜிஏ அப்படி மாற்றிய சேசிஸோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைச் சொன்னதுமே, எம்ஜியின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டியின் சட்டத்தில் இரும்பு அறுக்கும் கிரைண்டரை வைக்க மனம் வந்ததா என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என்னுடையது அருங்காட்சியகத்தில் நிற்க வேண்டிய வண்டி அல்ல. என் கைக்கு வந்தபோதே அதில் இருந்தது வேறொரு வண்டியின் எஞ்சின். பக்கச் சட்டங்களில் யாரோ ஒட்டுப்போட்டு, அதன்மேல் தாரும் பூசியிருந்தார்கள். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொருந்திய, யார் கையும் படாத வண்டி உங்களிடம் இருந்தால் இந்தப் பதிலை இத்தோடு விட்டுவிட்டு எஞ்சினைத் தூக்க ஏற்பாடு செய்யுங்கள்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் நிலைமையும் என்னுடையதுதான் என்று தோன்றுகிறது. கூரை தாழ்ந்த கொட்டகை, எஞ்சின் தூக்கியை நிமிர்த்த உயரம் இல்லை, உதவிக்கு ஆள் இல்லை, கிளட்ச் மட்டும் போய்விட்டது. இந்த வண்டியில் கியர்பாக்ஸைத் தனியாகக் கீழே இறக்கத் தொழிற்சாலை வழி வைக்கவில்லை. அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம் சேசிஸோடு சேர்த்தே வெல்டிங் செய்யப்பட்டது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் ஒரு கிளட்ச் தட்டை மாற்ற ரேடியேட்டர், கார்புரேட்டர், புகைக்குழாய் என்று பாதி வண்டியைக் கழற்ற வேண்டும்.

ஆனால் அந்தச் சட்டத்தைக் கியர்பாக்ஸ் உட்காரும் பலகை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1951 லெ மான் பந்தயத்துக்காக எம்ஜியின் முந்தைய டிடி மாடல் சேசிஸின்மேல், காற்றை எளிதாகக் கிழித்துப் போகும் வடிவத்தில் உடற்கூடு ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். சேசிஸ் குறுகலாக இருந்ததால் ஓட்டுநர் அதன் மேலே உட்கார வேண்டியிருந்தது. தலையும் தோளும் காற்றில் துருத்திக்கொண்டு நின்றன. அதன்பிறகுதான் எம்ஜியின் பொறியாளர் சிட் எனெவர் பக்கச் சட்டங்களை வெளியே தள்ளி, இருக்கைகள் அவற்றுக்கு நடுவே தாழ்ந்து உட்காரும்படி புதிய சேசிஸை வரைந்தார். 1955 முதல் 1962 வரை ஒரு லட்சத்துக்கும் மேல் வெளிவந்த எம்ஜிஏ நிற்பது அந்த வடிவத்தின்மேல்தான். பக்கச் சட்டங்கள் விலகிப் போனால், வண்டி முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் வேலை குறுக்குச் சட்டங்களின் தலையிலும் டேஷ்போர்டுக்குக் கீழுள்ள வளைவின் தலையிலும் விழும். வெட்டி எடுத்துவிட்டு இரண்டு கோண இரும்பைப் போட்டு முடுக்கினால் போதும் என்று சொல்பவர்கள் மேடுபள்ளத்தில் தங்கள் வண்டியின் கதவு இடைவெளியைப் பார்த்ததே இல்லை என்பேன்.

நான் செய்தது இதுதான். வெட்டுவதற்கு முன் வண்டி சமதளத்தில் நான்கு சக்கரத்திலும் நிற்க, சட்டத்தின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து எழுதிவைத்தேன். வெட்டப்போகும் இடத்துக்கு முன்னும் பின்னும் பக்கச் சட்டங்களுக்கு இடையே தற்காலிகக் குழாய்களைப் பற்றவைத்தேன். பிறகுதான் கிரைண்டர். இரு பக்கமும் சட்டத்தின் அடிக்கட்டையை விட்டு, நடுத்துண்டை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய வாய்களைத் திறந்தபடி விடக்கூடாது. கனமான தகட்டால் மூடிப் பற்றவைக்க வேண்டும். அடிக்கட்டைக்கு ஒரு தகடு, நடுத்துண்டுக்கு ஒரு தகடு. இரண்டும் முகம் பார்த்து நின்று போல்ட்டால் இறுகும்.

இங்கே பலரும் விட்டுவிடும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு தகடுகளின் மொத்தத் தடிமனையும் வெட்டும்போதே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நடுத்துண்டு நீளம் கூடி, உள்ளே போகவே போகாது. சம்மட்டியால் அடித்து ஏற்றினால் பக்கச் சட்டங்கள் விரியும். தகடுகளை ஜோடியாகச் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் துளையிடுங்கள். போல்ட் போட்டு இறுக்கி, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்போதே புள்ளி வெல்டிங் வையுங்கள். முழு வெல்டிங்கை ஒரே மூச்சில் ஓட்டாமல், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆறவிட்டுச் செய்யுங்கள். சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும். போல்ட் ஹை டென்சைல், 8.8 தரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். தகடுகள் முட்டும் முகத்தில் தடிமனாகப் பெயிண்ட் அடிக்காதீர்கள். பெயிண்ட் நசுங்க நசுங்க போல்ட் தளரும். கியர்பாக்ஸ் மவுண்ட்டின் உயரம் இம்மியும் மாறக்கூடாது. மாறினால் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கெட்டு, வண்டி வேகமெடுக்கும்போது அதிர்வு வரும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். அதைவிட முக்கியம், இந்த வண்டியின் தரை ஒட்டுப்பலகை. பல ஆண்டு எஞ்சின் ஆயிலைக் குடித்த பலகை ஒரு பொறிக்குத்தான் காத்திருக்கும். முழுவதையும் எடுத்து வெளியே வையுங்கள். சட்டத்தை ஒட்டிப் போகும் பிரேக் குழாயையும் பெட்ரோல் குழாயையும் மறக்காதீர்கள்.

சட்டம் கழன்றுவிட்டால் கியர்பாக்ஸ் தானாக மடியில் வந்து விழும் என்று எண்ண வேண்டாம். இந்த எஞ்சினுக்கு முன்பக்கம் மட்டுமே சொந்த மவுண்ட். பின்பாரத்தைத் தாங்குவது கியர்பாக்ஸின் மவுண்ட்தான். அதை எடுக்கும்முன் ஆயில் சம்ப்புக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கால் தாங்க வேண்டும். கியர்பாக்ஸ் பின்னால் வரும்போதும் திரும்ப ஏறும்போதும், கிளட்ச்சுக்குள் நுழையும் இன்புட் ஷாஃப்ட்டின்மேல் ஒரு நொடிகூடத் தொங்கக்கூடாது. தொங்கினால் புதுக் கிளட்ச் தட்டின் நடுப்பகுதி வளையும். நான் நீளமான இரண்டு போல்ட்களின் தலையை அறுத்து, பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடி, கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும் கூடு) துளைகளில் வழிகாட்டியாக மாட்டி வைத்திருக்கிறேன். கியர்பாக்ஸ் அவற்றின்மேல் வழுக்கிக்கொண்டு நேராகப் போய் உட்காரும். எம்ஜிஏவுக்கு அடுத்து வந்த எம்ஜிபி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிரைண்டரை எடுக்க வேண்டாம். அதற்குத் தனிச் சேசிஸே கிடையாது. குறுக்குச் சட்டம் ஏற்கெனவே போல்ட்டில்தான் இருக்கிறது. ஆனாலும் கிளட்ச்சுக்கு எஞ்சினைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அடிக்கடி கியர்பாக்ஸை இறக்க வேண்டிய தேவை ஏன் வருகிறது? இந்த வண்டியின் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கில் குண்டுகள் கிடையாது. அது ஒரு கார்பன் வளையம். மிதித்த நேரமெல்லாம் தேயும். சிக்னலில் கியரைப் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே நிற்பவருக்கு அது சாக்பீஸ் மாதிரி கரையும். 'ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டுமா' என்று கேட்டு வாங்கும் நண்பர்கள் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள். சொன்னால் முகம் கோணுகிறது.

நண்பர்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒருவர் என் டார்க் ரெஞ்ச்சை (போல்ட்டை அளவோடு இறுக்கும் கருவியை) இரவல் வாங்கிப் போனார். மாதக்கணக்கில் வரவில்லை. வந்தபோது அளவு உச்சத்தில் முறுக்கியபடியே இருந்தது. உள்ளிருக்கும் சுருளை அத்தனை நாளும் அழுத்தியபடி ஏதோ அலமாரியில் போட்டிருக்கிறார். அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வைக்க வேண்டும் என்பது பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. அதற்குப் பிறகு அது காட்டும் எண்ணை நம்பி ஒரு போல்ட்டையும் நான் இறுக்கவில்லை, புதிதாக வாங்கினேன். கருவி இரவல் கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் வண்டியையே இங்கே கொண்டுவரச் சொல்லிவிடுகிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிளட்ச்சை மாற்றிவிட்டு அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்தப் பக்கமே போகப்போவதில்லை என்றால் வெட்ட வேண்டாம். தெரிந்தவர் கொட்டகையில் எஞ்சின் தூக்கியோடு ஒரு வார இறுதி போதும். என்னைப் போல அதே வண்டியில் தினமும் போய்வருபவர் என்றால் வெட்டலாம். ஆனால் சொந்தக் கையால் வெல்டிங் செய்து பழகாதவராக இருந்தால், அந்த வேலையை மட்டும் சேசிஸ் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்களை மறுபடி இறுக்கிப் பாருங்கள். உங்கள் சட்டத்தில் துரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கூரான சுத்தியலால் தட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். துரு தகட்டைத் தின்றிருந்தால், மேலே எழுதிய எதுவும் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.