பயனாளிகள் பட்டியலைத் 'தனிநபர் தகவல்' என்று மறுத்தால்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் அரசு வீடு கட்டும் திட்டத்தில் யார் யாருக்கு எவ்வளவு பணம் தரப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 'தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஜே)-யின்படி தர இயலாது' என ஒரே வரியில் பதில். இனி என்ன செய்வது?

பதில்: முதலில், கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மறுப்பு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு (மறுத்த அலுவலரின் மேலதிகாரிக்கு அனுப்பும் மனு) போய்ச் சேர வேண்டும்; தபால் முத்திரைதான் உங்கள் சாட்சி.

2025 நவம்பரில் 8(1)(ஜே) திருத்தப்பட்டது. தனிநபர் தகவலாக இருந்தாலும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்த உட்பிரிவிலேயே முன்பு இருந்தது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. இரண்டும் போய்விட்டன. இன்னமும் பழைய மாதிரி மனுவைப் பார்த்து அந்த வரிகளையே எழுதுகிறவர்கள் அங்கேயே தோற்கிறார்கள்.

நீங்கள் பிடிக்க வேண்டியது பிரிவு 4(1)(பி)-யின் 12-ஆம் உட்பிரிவு. மானியத் திட்டங்களில் ஒதுக்கிய தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிடுவது அலுவலகத்தின் கடமை என்கிறது அது. தானாக வெளியிட வேண்டியதைக் கேட்டபிறகும் மறைப்பது எப்படி என்பதே உங்கள் முதல் வாதம்.

அடுத்து 8(2). விலக்கு இருந்தாலும், தீங்கைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்ற இந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. 'தரலாம்' என்பதால் வெறுமனே 'பொதுநலன் கருதி' என்று எழுதினால் எடுபடாது. 'அஸ்திவாரத்தோடு நிற்கும் வீட்டுக்கு முழுத்தொகையும் வழங்கப்பட்டதா என அறிய' என்பதுபோல் குறிப்பாக எழுதுங்கள். (மனு போடும்போது காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது 6(2), ஆனால் 8(2)-ஐ நாடும்போது சொன்னால்தான் வேலை நடக்கும்.)

ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைபேசி எண் வேண்டாம் என நீங்களே எழுதிவிடுங்கள். 'பிரிவு 10-இன்படி அவற்றை மறைத்துவிட்டு, பெயர், தொகை, வழங்கிய தேதி ஆகியவற்றை மட்டும் தருக' என்ற ஒரு வாக்கியம் போதும். மறுப்பு சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு 19(5)-இன்படி பொதுத் தகவல் அலுவலருடையது. அதையும் ஒரு வரி சேருங்கள்.

மேல்முறையீட்டுக்கு 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடிவு வர வேண்டும். வராவிட்டாலோ, வந்ததும் பாதகமாக இருந்தாலோ, 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அதோடு முதல் மனு, மறுப்புக் கடிதம், தபால் ரசீது மூன்றின் நகலும் போக வேண்டும்.