'சீனியர்' பதவிக்கு விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

மகள் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை முடிக்கப் போகிறார், மத்திய அரசில் சீனியர் மெடிக்கல் ஆபீசர் வேலைக்கு எப்போது ஆள் எடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மத்திய சுகாதாரப் பணியில் அது எம்.பி.பி.எஸ். முடித்தவுடன் நேரடியாகப் போய் உட்காரும் நாற்காலி இல்லை, ஐயா. மெடிக்கல் ஆபீசராகச் சேர்ந்து 4 ஆண்டுகள் ஒழுங்காக வேலை பார்த்தால் சீனியர்; மேலும் 5 ஆண்டுகளில் சீஃப் மெடிக்கல் ஆபீசர். மேலே இடம் காலியாகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, பணிக்காலமே கணக்கு. ஆகவே எவ்வளவு சீக்கிரம் உள்ளே நுழைகிறாரோ அவ்வளவு நல்லது.

நுழையும் வாசல், யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.எம்.எஸ். தேர்வு, அதாவது ஒருங்கிணைந்த மருத்துவப் பணிகள் தேர்வு. இறுதியாண்டு மாணவர்கள்கூட எழுதலாம். இரண்டு தாள், தலா 250 மதிப்பெண், நேர்முகத்துக்கு 100. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். முதல் தாளின் 120 கேள்விகளில் 96 பொது மருத்துவம், மீதி குழந்தை மருத்துவம். இரண்டாம் தாளில் சர்ஜரி, மகப்பேறு, சமூக மருத்துவம் மூன்றுக்கும் தலா 40. முதுநிலை மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் படிக்கிற பிள்ளைகள் சமூக மருத்துவத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். இங்கே அது சர்ஜரிக்குச் சமம்!

தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், சீனியரானால் நிலை 11, அதாவது 67,700-இல் தொடங்கும் அட்டவணை. தனியாக கிளினிக் வைக்கக் கூடாது. அதற்கு ஈடாக அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் படி உண்டு. ரயில்வேக்கும் இதே தேர்வுதான். வேலை சென்னையில் கிடைக்கலாம், அசாமிலும் கிடைக்கலாம். "பெண்ணை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?" என்ற பேச்சை வீட்டில் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

சொந்த ஊர்ப்பக்கம்தான் வேண்டும், எம்.டி. படிப்பும் விட முடியாது என்றால், என் வாக்கு தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்தும் உதவி மருத்துவர் தேர்வுக்கே. தமிழக அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு முதுநிலை இடங்களில் ஒதுக்கீடு இருக்கிறது. இரண்டையும் எழுதட்டும், பாடம் பெரும்பாலும் ஒன்றுதான்.

அப்புறம், நீங்கள் பி.சி. அல்லது எம்.பி.சி. பிரிவு என்றால், கையில் இருக்கும் மாநில சாதிச் சான்றிதழ் யு.பி.எஸ்.சி.க்குப் போதாது. மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்று குறிப்பிடும் மத்திய ஓ.பி.சி. சான்றிதழுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.