மொழிக் கேள்வி – பதில்: 'நேற்று' வந்தால் எந்த இறந்தகாலம்?

கேள்வி: இணைய வகுப்பில் இத்தாலிய மொழி கற்கிறேன். 'யேரி' (நேற்று) வந்தால் பாசாத்தோ ப்ரோஸ்ஸிமோ, 'செம்ப்ரே' (எப்போதும்) வந்தால் இம்பெர்ஃபெத்தோ என்று குறித்து வைத்திருந்தேன். பாடத்திலோ 'யேரி பியோவேவா' என்று இம்பெர்ஃபெத்தோவும், 'ஓ செம்ப்ரே அபிதாத்தோ குவி' என்று பாசாத்தோ ப்ரோஸ்ஸிமோவும் நேர்மாறாக வருகின்றன. எதை நம்புவது? வினையடையை எங்கே வைப்பது?
– வாசகி, சுங்கை சிப்பூட்

பதில்: பாடத்தையே நம்புங்கள். மலாய் பேசிப் பழகிய நமக்கு உங்கள் விதி இயல்பாகவே தோன்றும். ஏனெனில் அம்மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறுவதில்லை, 'செமாலாம்' (நேற்று), 'சூடா' (ஏற்கெனவே) போன்ற சொற்களே காலத்தைக் காட்டிவிடுகின்றன. இத்தாலியத்தில் அந்தப் பொறுப்பு வினையினுடையது. நடந்ததை முடிந்த நிகழ்வாகச் சொல்கிறோமா (பாசாத்தோ ப்ரோஸ்ஸிமோ), தொடர்ந்துகொண்டிருந்த நிலையாகவோ வழக்கமாகவோ சொல்கிறோமா (இம்பெர்ஃபெத்தோ) என்பதைப் பொறுத்தே வினைவடிவம் அமையும்.

'யேரி பியோவேவா குவாந்தோ சோனோ அர்ரிவாத்தா' என்றால், நேற்று நான் வந்து சேர்ந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. அது எப்போது பிடித்தது, எப்போது விட்டது என்ற பேச்சே அங்கில்லை. (பேசுபவர் ஆணாயின் 'அர்ரிவாத்தோ'.) 'யேரி ஆ பியோவுத்தோ தூத்தோ இல் ஜோர்னோ' என்றால், நேற்று நாள் முழுவதும் மழை பெய்தது, நெடுநேர மழைதான் என்றாலும், 'நாள் முழுவதும்' என்று எல்லை கட்டிவிட்டதால் பாசாத்தோ ப்ரோஸ்ஸிமோ வருகிறது. உங்கள் இரண்டாவது வாக்கியமும் அப்படியே: இன்றுவரை இங்கேயே வசித்து வந்திருக்கிறேன் என்று முழுக் காலத்தையும் ஒன்றாகத் தொகுக்கிறது. 'தா பம்பீனா அபிதாவோ குவி' என்றாலோ, சிறுமியாக இருந்தபோது இங்கே குடியிருந்தேன் என்பது மட்டுமே பொருள்.

வழக்கத்தைக் கண்டுகொள்ளத் தமிழே கைகொடுக்கும். 'அந்தக் காலத்தில் தாத்தா விடியுமுன்னே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார்' என்று எதிர்கால வடிவில் சொல்கிறோமே, அங்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'அந்தாவா' என்று இம்பெர்ஃபெத்தோவில் எழுதலாம். 'ஒரு நாள் யானையைப் பார்த்தார்' என்றதும் 'ஆ விஸ்தோ'வுக்கு மாறிவிட வேண்டும். 'ஸ்பெஸ்ஸோ' (அடிக்கடி) போன்ற சொற்கள் பெரும்பாலும் வழக்கத்தைச் சொல்லும் வாக்கியங்களில் வருவதால்தான் உங்கள் விதி பிறந்திருக்கும்.

வினையடையின் இடம் எளிது. 'ஜா' (ஏற்கெனவே), 'மாய்' (ஒருபோதும்), 'செம்ப்ரே' ஆகியவை பொதுவாகத் துணைவினைக்கும் ('ஓ', 'ஆ' போன்றவை) அதைத் தொடரும் வினைவடிவத்துக்கும் நடுவே நிற்கும்: 'ஓ ஜா மஞ்சாத்தோ', அதாவது ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டேன். 'யேரி'யை அந்த நடுவில் நுழைக்காமல், வாக்கியத்தின் தொடக்கத்திலோ இறுதியிலோ வையுங்கள்.