படிப்பு, பதற்றம், சோர்வு: கேட்டவர்களுக்குப் பதில்

பரீட்சை நெருங்குவதால் மாணவர்களும் படிப்பிக்கிறவர்களும் மனம், படிப்புப் பழக்கம் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நான் கல்வி உளவியல் படிப்பிக்கிறவள், உளவளத்துணையும் செய்கிறேன். டொக்டர் இல்லை, குளிசை பற்றிய கேள்விகளுக்கு என் பதில் "டொக்டரிடம் போங்கள்" என்பதுதான். நீண்ட கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

முகாமைத்துவ பீடம், இரண்டாம் வருடம்: ஏ.எல் (உயர்தரப்) பரீட்சைக்கு ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் படித்தனான். கம்பஸ் வந்தபிறகு பத்துப் பக்கம் வாசிக்க ஏலாமல் இருக்கு. எனக்கு என்ன நடந்தது?

தம்பி, ஏ.எல் காலத்தில் உங்களை நடத்தியது யார் என்று கொஞ்சம் யோசியுங்கள். விடிய ஐந்தரைக்குச் சைக்கிளில் ரியூசன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் இன்னொரு ரியூசன். எந்தப் பாடத்தை எந்தக் கிழமை முடிப்பது, எந்தக் கடந்தகால வினாத்தாளை எப்போது செய்வது என்று எல்லாவற்றையும் சேர்மார் தீர்மானித்தார்கள். நித்திரையால் எழுப்பத் தேத்தண்ணியோடு அம்மா. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் இருந்து இதுதான் ஏற்பாடு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கடுமையாகப் படிக்கப் பழகியவர்கள், ஆனால் தங்கள் படிப்பைத் தாங்களே நடத்தப் பழகாதவர்கள்.

பரி சிம்மர்மன் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் சுயமாக நெறிப்படுத்திப் படிப்பதை ஒரு சுழற்சியாகக் காட்டினார்: முதலில் திட்டமிடல், பிறகு செய்தல், அதன்பின் செய்ததைத் திரும்பிப் பார்த்தல். நீங்கள் இத்தனை வருடமாக நடுவில் உள்ளதை மட்டும் பழகினீர்கள். மற்ற இரண்டும் ரியூசன் சேரின் வேலை. கம்பஸில் அவர் இல்லை. அதோடு ஏ.எல் முடிந்து அனுமதி கிடைக்கும்வரை சும்மா இருந்த காலம், தமிழில் படித்துவிட்டுத் திடீரென ஆங்கிலத்தில் விரிவுரை. பத்துப் பக்கத்துக்கு மூளை களைக்காவிட்டால்தான் அதிசயம்.

"நாளைக்கு வடிவாகப் படிப்பேன்" என்று முடிவெடுப்பதில் பலன் இல்லை. பீற்றர் கோல்விற்சர் என்ற உளவியலாளர் 1999 இல் எழுதியது உதவும்: எப்போது, எங்கே, என்ன என்பதை ஒரு நடப்போடு கட்டிவிடுங்கள். "கன்டீனில் சாப்பிட்டுக் கை கழுவினதும் நேரே நூலகம், கணக்கியல் மூன்றாம் ரியூட், முதல் இரண்டு கணக்கு." அவ்வளவுதான். இரண்டு கணக்கு என்றால் இரண்டே. எழும்பும்போது எது விளங்கவில்லை என்று கொப்பியின் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த நாள் அந்த வரியில் தொடங்குங்கள். திட்டமிடலும் திரும்பிப் பார்த்தலும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

கலைப்பீடம், முதலாம் வருடம்: படிக்க இருந்தாலே கை போனுக்குப் போகுது. மனதைக் கட்டுப்படுத்துவது எப்படி?

மனதை விடுங்கள், போனைக் கட்டுப்படுத்துங்கள். ஜேம்ஸ் குரோஸ் என்ற உளவியலாளர் உணர்ச்சியை நெறிப்படுத்தும் வழிகளை ஐந்து கட்டமாகப் பிரித்தார். எந்தச் சூழலுக்குள் போகிறோம் என்பது முதற்கட்டம், வந்த உணர்ச்சியை அடக்குவது கடைசி. நம்மில் பலர் கடைசிக் கட்டத்தில் நின்று மல்லுக்கட்டுகிறோம். போன் அறைத்தோழியின் பெட்டிக்குள் இருந்தால் மல்லுக்கட்டே தேவையில்லை.

நான்காம் வருடம்: அடுத்த கிழமை சோதனை. குப்பிக்கு (மாணவர்களே மாணவர்களுக்குப் படிப்பிக்கும் வகுப்புக்கு) போவதா, நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிப்பதா?

குப்பி நடத்துங்கள். பகிடியாகச் சொல்லவில்லை. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006 இல் செய்த பரிசோதனையில் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு கிழமை கழித்துப் பார்த்தபோது முந்தி நின்றவர்கள், வாசித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். குப்பியில் முன்னுக்கு நின்று பலகையில் எழுதுகிறவருக்குத்தான் இது நடக்கிறது. பின் வாங்கிலில் இருந்து படம் பிடிக்கிறவருக்கு விளங்கின மாதிரி ஒரு உணர்வு மட்டும் மிஞ்சும். ஐந்து பேர் குப்பி என்றால் ஆளுக்கொரு பகுதியைப் பிரித்து எடுங்கள்.

பொறியியல் பீடம், கிளிநொச்சி: இரவு முழுக்க முழிக்கக் கோப்பி குடிக்கிறேன். நண்பன் ஒரு குளிசை தாறான், அதைப் போட்டால் நித்திரை வராதாம். எடுக்கலாமா?

கூடாது. ஒருவருக்கு எழுதின குளிசையை இன்னொருவர் போடக் கூடாது. அது நித்திரை வரவோ, வராமல் இருக்கவோ, பதற்றத்துக்கோ, எதற்கென்றாலும் சரி. கோப்பி: கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். இரவு ஒன்பதுக்குக் குடித்ததில் பாதி இரண்டு மணிக்கும் உள்ளே இருக்கும். படித்தது நினைவில் பதிய நித்திரை வேண்டும்.

முதலாம் வருடம்: மிஸ், படிக்க மனம் வருகுதில்லை.

முதல் பதிலைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கோப்பாய்: நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்துத்தான் பல்கலைக்கழகம் போனோம். போர்க்காலத்தில் செல் (எறிகணை) விழ விழப் பரீட்சை எழுதினோம். அப்போது எங்களுக்கு மனச்சோர்வும் இல்லை, ஆலோசகரும் இல்லை. இப்போதைய பிள்ளைகளுக்குச் செல்லம் கூடிவிட்டது.

ஐயா, அந்த விளக்கு எனக்கும் தெரியும். அடியில் கொஞ்சப் பஞ்சு, அதில் நனையுமளவு மண்ணெண்ணெய், நூல் திரி. ஒரு விளக்கைச் சுற்றி வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும். அந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். மின்சாரம் இல்லை, ஊரடங்கு, வெளியே போக இடமில்லை. எண்ணெய் முடிவதற்குள் படித்தாக வேண்டும், பக்கத்தில் அக்காவும் படிக்கிறா. மேலே போனைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்கு நான் சொன்ன சூழல் உங்களுக்குத் தானாகவே அமைந்திருந்தது. அதற்குக் கொடுத்த விலை பயங்கரமானது. அதை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

மனச்சோர்வு இல்லை என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதே மண்ணில் மனநல மருத்துவராக இருந்து, போர் தனி ஆட்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் எப்படிக் குலைத்தது என்று எழுதியிருக்கிறார். கூட்டு மனவடு என்று நாங்கள் வகுப்பில் படிப்பிப்பது அதைத்தான். அந்த விளக்கடியில் இருந்து வந்து சேராதவர்கள் இங்கே வந்து தங்கள் கதையைச் சொல்ல மாட்டார்கள், ஐயா.

விரிவுரையாளர் ஒருவர்: ஐயா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மனவுறுதி தசை மாதிரி. பாவிக்கப் பாவிக்கத்தான் வளரும் என்று ஆராய்ச்சியே இருக்கிறதே?

சேர், அந்த ஆராய்ச்சியை நானும் படிப்பித்திருக்கிறேன். பௌமைஸ்டர் என்ற உளவியலாளரின் குழு 1998 இல் செய்தது. சொக்கலேட் பிஸ்கற் கண்முன்னே இருக்க முள்ளங்கி சாப்பிட வைக்கப்பட்டவர்கள் அதன்பின் தந்த புதிரைக் கெதியில் கைவிட்டார்கள். மனவுறுதி களைத்துப்போகும் என்பதும், பயிற்சியால் வளரும் என்பதும் அந்த வழியில் வந்த பேச்சு. 2016 இல் 23 ஆய்வுகூடங்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து அந்தக் களைப்பைத் தேடினார்கள். விளைவு கிட்டத்தட்டப் பூச்சியம்.

பொறியியல் மாணவன் மறுபடி: அப்ப ஐயா ஆட்கள் செல்லுக்குள்ள படிச்சதுக்கு நாங்கள் ஏன் குற்றவாளி? 80 சதவீத வரவு, அசைன்மென்ட், ஆங்கிலம், வீட்டில் கடன். அவருக்கு என்ன தெரியும்?

தம்பி, ஐயாவிடம் அப்படிக் கதைக்க வேண்டாம். அவர் தன் காலத்து வலியைப் பெருமையாக மாற்றி வைத்திருக்கிறார், அதைப் பறிக்க உங்களுக்கும் எனக்கும் உரிமை இல்லை. ஐயா, நீங்களும் உங்கள் வலியை அளவுகோலாக்கி இவர்களை அளக்காதீர்கள். இதே பொருளில் இன்னும் ஒன்பது பேர் எழுதியிருக்கிறீர்கள். நான் இதோடு நிறுத்துகிறேன். நீங்கள் தொடர்வதென்றால் தொடருங்கள்.

மாணவ ஆலோசகராக இருக்கும் விரிவுரையாளர்: இரவு பதினொன்றுக்கும் வட்ஸ்அப்பில் பிள்ளைகள் அழுது எழுதுகிறார்கள். இப்போது அவர்களின் பெயரைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. நான் கெட்டவளாகிவிட்டேனா?

இல்லை மிஸ். கிறிஸ்டினா மஸ்லாக் என்ற உளவியலாளர் தொழிற்சோர்வுக்கு மூன்று முகம் சொன்னார்: உணர்ச்சி வற்றிப்போதல், எதிரே இருப்பவரை ஆளாகப் பார்க்க முடியாமல் விலகுதல், தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். நீங்கள் சொல்வது இரண்டாவது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இதை நோயாக அல்ல, வேலையோடு சேர்ந்து வருவதாக வகைப்படுத்தியது. எனவே மருந்தும் வேலையை அமைக்கும் விதத்தில்தான் இருக்கிறது. தியானச் செயலியைத் தரவிறக்கினால் தீராது.

நம் பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர் என்பவர் விரிவுரையும் பார்த்து, விடைத்தாளும் திருத்தி, இதையும் சுமக்கிறவர். சிகிச்சையாளர் வேலையை உங்களிடம் யாரும் ஒப்படைக்கவில்லை, நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். பிள்ளை சொல்வதைக் கேட்பது, எங்கே போகலாம் என்று காட்டுவது, முதல் தடவை கூடப் போவது, இவ்வளவும் போதும். அறைக் கதவில் கிழமைக்கு இரண்டு நேரம் எழுதி ஒட்டுங்கள். இரவு ஒன்பதுக்குப் பிறகு உங்கள் தொலைபேசியில் தானாகப் போகும் பதில் இதுவாக இருக்கட்டும்: "நாளை காலை பார்ப்பேன். உயிருக்கு ஆபத்து என்றால் தேசிய மனநல உதவி எண் 1926 க்கு அழையுங்கள், அருகில் உள்ள வைத்தியசாலைக்குப் போங்கள்." உங்களுக்கும் கதைக்க ஒரு ஆள் வேண்டும். அது உங்கள் பீடத்துக்கு வெளியே இருப்பது நல்லது.

சோதனைக்கு முன் பயத்தைத் தாளில் எழுதினால் புள்ளி கூடுமாமே?

2011 இல் அப்படி ஒரு கட்டுரை சயன்ஸ் இதழில் வந்தது. 2018 இல் வேறு குழு அதை மீளச் செய்து பார்த்தபோது அந்த விளைவு வரவில்லை. எழுதினால் ஆறுதல் என்றால் எழுதுங்கள், புள்ளியை நம்பி எழுதாதீர்கள்.

பரீட்சை மண்டபத்தில் நெஞ்சு அடித்து, கை நடுங்கி, செத்துவிடுவேன் போல் இருக்கிறது.

பீதி சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். அதை எதிர்த்துப் போராடாதீர்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும்: நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். வீட்டில் பழகாமல் மண்டபத்தில் முதல் தடவை செய்தால் வராது. இதயத்தில் ஏதும் இல்லை என்று டொக்டரிடம் ஒரு தடவை உறுதிப்படுத்துங்கள். நண்பரின் குளிசை வேண்டாம்.

எனக்கு ஏழரைச் சனி நடக்குது, அதால்தான் மனம் குழம்புதாம்.

அது சாத்திரியாரின் பீடம். கோயிலுக்குப் போய்வந்து நித்திரை வருகிறதென்றால் போய்வாருங்கள்.

சீனியர்மார் பகிடிவதை செய்கினம். மனதைத் திடப்படுத்த ஏதும் பயிற்சி சொல்லுங்கோ.

சொல்ல மாட்டேன். அது குற்றம். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் முறையிடுங்கள், வீட்டுக்கும் சொல்லுங்கள். மனதைத் திடப்படுத்த வேண்டியது அவர்கள்.

மூன்றாம் வருடம், பெயர் வேண்டாம்: ஒரு மாதமாக எதிலும் விருப்பம் இல்லை. சாப்பாடு இறங்குதில்லை. நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நல்லம் என்று நினைக்கிறேன்.

தங்கச்சி, மேலே சொன்ன எதுவும் உங்களுக்கானதல்ல. இரண்டு கிழமைக்கு மேல் நாள் முழுக்க இப்படி இருந்தால் அது சோம்பலும் இல்லை, மனவுறுதிக் குறைவும் இல்லை. வைத்தியம் உள்ள ஒன்று. இன்றிரவு தனியாக இருக்க வேண்டாம். அறையில் இருப்பவரைக் கூப்பிட்டு, எனக்கு எழுதிய வசனத்தை அப்படியே சொல்லுங்கள். அந்த எண்ணம் வலுத்தால் இரவென்றும் பாராமல் அவரோடு யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். வலுக்காவிட்டாலும் காலையில் அங்கேயோ தெல்லிப்பழை வைத்தியசாலைக்கோ போய் மனநல டொக்டரைப் பாருங்கள். காசு கட்டத் தேவையில்லை. 1926 தேசிய மனநல உதவி எண், இப்போதே அழைக்கலாம். எனக்கும் தனியே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருக்கிறேன். டொக்டர் தரும் மருந்து வேலைசெய்யச் சில கிழமை எடுக்கும், இடையில் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

படிக்க மூட் வருகுதில்லை மிஸ், ஏதும் ரிப்ஸ்?

முதல் பதில். இதே கேள்வியோடு வந்த மற்றவர்களுக்கும் அதுதான்.

பொறியியல் மாணவன்: நண்பன் சொல்லுறான் அது வெறும் விற்றமின் குளிசையாம்.

பெட்டியைக் கொண்டுபோய் மருந்தகத்தில் காட்டுங்கள், அது என்ன என்று சொல்வார்கள். அதுவரை கூடாது.