கிசுகிசுப்பாகப் பாடினால் புகழ் வருமா?

கேள்வி: என் மகள் எந்நேரமும் பில்லி ஐலிஷ் பாட்டுதான் கேட்கிறாள். எனக்கு அது முணுமுணுப்பாகத்தான் கேட்கிறது. அப்படி என்ன இருக்கிறது அதில்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: மகளின் ஹெட்போனை ஒருமுறை வாங்கி மாட்டிக்கொண்டு கேளுங்கள். நீங்கள் முணுமுணுப்பு என்று சொல்கிற அதே குரல், காதருகே வந்து உங்களிடம் மட்டும் பேசுவது போல இருக்கும். அமெரிக்கப் பாடகியான பில்லி 2015-இல், 13 வயதில், தன் நடன ஆசிரியர் ஒரு பாட்டு கேட்டார் என்று அண்ணன் ஃபின்னியஸ் எழுதி வைத்திருந்த 'ஓஷன் ஐஸ்' பாடலைப் பாடி சவுண்ட்கிளவுட் என்ற இசைப் பகிர்வுத் தளத்தில் ஏற்றினார், அது காட்டுத்தீ போலப் பரவியது. 2019-இல் வந்த முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியைக்கூட லாஸ் ஏஞ்சலிஸில் பெற்றோர் வீட்டில், அண்ணனின் படுக்கையறையில் உட்கார்ந்துதான் பதிவு செய்தார்கள். அதிலுள்ள 'பேட் கை' பாடலில் தாளத்தோடு சேர்ந்து டக்டக்கென்று ஒரு சத்தம் வரும், கவனியுங்கள். ஆஸ்திரேலியாவில் பாதசாரிகள் சாலையைக் கடக்கும் இடத்து சிக்னல் சத்தம் அது, போனில் பதிந்து கொண்டுவந்து பாட்டுக்குள் வைத்துவிட்டார். இன்னொரு பாட்டில் பல் டாக்டரின் டிரில் சத்தம்! 2020 கிராமி இசை விருது விழாவில் ஆண்டின் ஆல்பம், ரெக்கார்ட், பாடல், சிறந்த புதுமுகம் என்று நான்கு முக்கிய விருதுகளையும் ஒரே இரவில் வாங்கியபோது அவருக்கு வயது 18.

கேள்வி: பில்லி ஐலிஷ் தொளதொளவென்று உடுத்துவது வெறும் ஸ்டைல்தானே?
- கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இல்லை. உள்ளே உடம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் கருத்துச் சொல்ல முடியாது, அதனால்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் 2021-இல் பிரிட்டிஷ் வோக் ஃபேஷன் இதழின் அட்டையில் கார்செட் என்ற இடையை இறுக்கும் உடை அணிந்து வந்ததும் ஒரு கூட்டம் ஏமாற்றமாகப் பேசியது, அது அநியாயம். எதை உடுத்துவது என்பது இரண்டு தடவையும் அவர் எடுத்த முடிவுதான். அதே ஆண்டு நியூயார்க்கில் நடக்கும் மெட் காலா ஃபேஷன் விழாவுக்கு ஆஸ்கர் டி லா ரென்டா என்ற ஆடை நிறுவனத்தின் கவுனை அணிய, இனி விலங்கு ரோமத்தை விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். 19 வயதில் இப்படிப் பேரம் பேசியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கேள்வி: உழைப்பு அண்ணனுடையது, பெயர் தங்கைக்கா?
- வாசகர், ஈரோடு

பதில்: அண்ணனுக்கும் பெயர் உண்டு. அதே 2020 கிராமியில் சிறந்த தயாரிப்பாளர் விருது ஃபின்னியஸுக்குத்தான். 2022, 2024 இரண்டு ஆஸ்கர்களையும் இருவரும் சேர்ந்துதான் வாங்கினார்கள்.