இரட்டிப்பாகவில்லையே, டாக்டர்!

கேள்வி: நாள் தள்ளிப்போனதும், கர்ப்ப ஹார்மோனை அளக்கும் பீட்டா ஹெச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை செய்தேன். 180 வந்தது. இரண்டு நாள் கழித்து 290. 48 மணி நேரத்தில் இரட்டிப்பாக வேண்டும் என்கிறார்களே, என் கரு தங்காதா?

ஏறியிருப்பது 110. அதை 180-ஆல் வகுத்தால் 61 சதவீதம். முதல் அளவு 1,500-க்குக் கீழே இருந்தால், 48 மணி நேரத்தில் 49 சதவீதமாவது ஏறியிருக்கிறதா என்றுதான் மருத்துவர்கள் பார்ப்பார்கள். உங்கள் கணக்கில் அந்த எல்லை 268. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். 'இரட்டிப்பு' என்பது சராசரியைச் சொல்வது. அதை எட்டாவிட்டால் ஆபத்து என்று பொருளில்லை. அளவு கூடக்கூட இந்த எல்லையும் இறங்கும்: 1,500 முதல் 3,000 வரை 40 சதவீதம், அதற்கு மேல் 33.

கணக்குப் போடுமுன் ரிப்போர்ட்டில் இரண்டு விஷயம் பாருங்கள். ரத்தம் எடுத்த நேரம் இரண்டிலும் அச்சாகியிருக்கும். திங்கள் மாலை 6-க்கும் புதன் காலை 8-க்கும் இடையே 38 மணி நேரம்தான். அதை இரண்டு நாள் என்று எடுத்துக்கொண்டால் ஏற்றம் குறைவாகத்தான் தெரியும். அடுத்து, இரண்டும் ஒரே லேப்தானா? கருவி மாறினால் ஒரே ரத்தத்துக்கே எண் மாறும். பயந்துபோய் இரண்டாவது தடவை வேறு லேபுக்கு ஓடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

இந்த எண் கரு எங்கே தங்கியிருக்கிறது என்று சொல்லாது. கருக்குழாயில் தங்கிய கருவிலும் சில சமயம் ஒழுங்காக ஏறும். அளவு 3,500-ஐ எட்டியும் யோனிவழி ஸ்கேனில் கருப்பைக்குள் கரு வளரும் பை தெரியாவிட்டால், மருத்துவர் கருக்குழாயைச் சந்தேகிப்பார். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றி மயக்கம் என்று வந்தால் அடுத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: ஐந்தாவது வாரத்துக்கு 18 முதல் 7,340 வரை என்று அட்டவணை சொல்கிறது. எனக்கு 400. தோழிக்கு இதே வாரத்தில் 3,000 இருந்ததாம்.

இவ்வளவு அகலமான வரம்பை வைத்துக்கொண்டு இருவரை ஒப்பிடவே முடியாது. வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். கருமுட்டை வெளிவருவது ஐந்து நாள் தள்ளிப்போயிருந்தால், காகிதத்தில் ஐந்தாவது வாரமாக இருப்பவர் உண்மையில் நான்கைத்தான் தாண்டியிருப்பார். உங்கள் எண்ணை உங்களுடைய முந்தைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: குழந்தைப்பேறு சிகிச்சையில் ஊசி போட்ட எட்டாம் நாள் வீட்டிலேயே சிறுநீர் சோதித்தேன். இரண்டு கோடு வந்தது. மறுநாள் மங்கிவிட்டதே?

கருமுட்டை வெளிவரப் போடும் அந்த ஊசியில் இருப்பது பெரும்பாலும் இதே ஹார்மோன்தான். உடம்பை விட்டு முழுதாகப் போக 10 முதல் 14 நாள் வரை ஆகும். நீங்கள் பார்த்த கோடு ஊசியின் மிச்சமாக இருக்கலாம். மருத்துவர் குறித்துக் கொடுத்த நாளில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு முன் தினமும் கோட்டைப் பார்ப்பதால் நிம்மதிதான் போகும்.

கேள்வி: எட்டாவது வார ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்தது. இனியும் பீட்டா பார்க்க வேண்டுமா?

வேண்டாம். 8 முதல் 11 வாரங்களுக்குள் உச்சம் தொட்டு, பிறகு தானாகவே இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்து வீணாகப் பதறுவதுதான் மிச்சம். துடிப்பு தெரிந்த பிறகு ஸ்கேன் சொல்வதுதான் கணக்கு.