கெர்ஷா ஏன் வேறு டீமுக்குப் போகவில்லை?

கேள்வி: பேஸ்பால் பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே ஓடிவிடுவார்களாமே, டீம் விசுவாசம் என்பதெல்லாம் அங்கே உண்டா?

பதில்: உண்டு, ஆனால் ஓசியில் இல்லை. பிட்சர் கிளேட்டன் கெர்ஷாவைப் பாருங்கள். 2008 முதல் 2025 வரை 18 சீசன், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் தவிர வேறு சட்டை போடவில்லை. அதற்காக அவரை சாமியார் ஆக்கிவிடாதீர்கள்! 2014 ஜனவரியில் ஏழு வருடத்துக்கு 21.5 கோடி டாலர் வாங்கினார், அன்றைக்கு ஒரு பிட்சருக்கு அதுதான் உச்சம். 2018 முடிவில் பாக்கி இரண்டு வருடத்தை உதறிவிட்டுக் கிளம்பும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசி, அதே டீமிடம் மூன்று வருடம், 9.3 கோடி என்று மாற்றிக்கொண்டார்.

அப்புறம் வயது, முதுகு, தோள்பட்டை. ஒவ்வொரு வருடமாகக் கையெழுத்து. சொந்த ஊர் டல்லாஸ், பக்கத்திலேயே டெக்சஸ் ரேஞ்சர்ஸ், அங்கே போய்விடுவார் என்று ஆட்டம் இல்லாத குளிர்காலங்களில் பேச்சு அடிபட்டது. போகவில்லை. 2025இல் உறுதியான சம்பளம் வெறும் 75 லட்சம் டாலர்தான் (‘வெறும்’ என்று எழுதவே கை கூசுகிறது).

அந்த ஜூலை 2ஆம் தேதி, டாட்ஜர் ஸ்டேடியத்தில், ஆறாவது இன்னிங்ஸ், அன்றைய 100ஆவது பந்து, ஒரு ஸ்லைடர் (கடைசி நேரத்தில் பக்கவாட்டில் விலகும் பந்து). எதிரே நின்ற சிகாகோ ஒயிட் சாக்ஸ் டீம் ஆட்டக்காரர் மட்டையை அசைக்கவே இல்லை. கெர்ஷாவின் 3,000ஆவது ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்கவிடாமலே மட்டைக்காரரை அவுட் ஆக்குவது). அத்தனையையும் ஒரே டீமுக்காக எடுத்தவர்கள் அவருக்கு முன் இரண்டே பேர்: வால்டர் ஜான்சன், பாப் கிப்சன்.